சமையல் வண்டியை விட்டு இறங்கிய நாள்

"இன்னிக்கு நான் நடந்து வர்றேன்" என்று அமல்ராணி சொன்னபோது சீனுவாசன் மினி வேனின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"எங்க நடந்து?"

"கிளியனூர் வரைக்கும்."

"அப்ப மத்தியானச் சோறு யாரு ஆக்குறது?"

"இசைவாணி ஆக்குவா. அரிசி, பருப்பு எல்லாம் எடுத்து வெச்சிட்டேன். காய் அரிஞ்சாச்சு. புளி ஊறிக்கினு இருக்குது."

வண்டிக்குள் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த இசைவாணி எட்டிப் பார்த்தாள். சமையலுக்குக் கைகொடுக்க அவள் வருவது இது மூன்றாவது வருஷம். தனியாக உலை வைத்ததில்லை. "அக்கா, அறுபது பேருக்கு நானா? விளையாடாதீங்க" என்றாள். அமல்ராணி செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டாள். தண்ணீர் பாட்டிலையும் ஜெபமாலையையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு, போனை மட்டும் கையிலேயே பிடித்துக்கொண்டு, இரவு தங்கியிருந்த கல்யாண மண்டபத்து வாசலைத் தாண்டித் திண்டிவனத்துச் சாலைக்கு வந்துவிட்டாள். மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. மற்றவர்கள் நாலு மணிக்கே புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது அவர்கள் கிராமம். ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் அங்கிருந்து அறுபது பேர் காவி கட்டி, மாதா கொடியைப் பிடித்துக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்கள். முதல் இரவு திண்டிவனம். மறுநாள் மதியம் கிளியனூர், இரவு புதுச்சேரிக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அப்புறம் கடலூர், சிதம்பரம் என்று எட்டு நாள் நடை. கொடி பிடித்து முன்னால் போகிறவர் அமல்ராணியின் கணவர் லூர்துநாதன். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்கு. அமல்ராணி சமையல். வருஷம் முழுக்க மயிலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறவள், ஆகஸ்ட் வந்தால் லீவு போட்டுவிட்டு இவர்களுக்குச் சமைக்க வருவாள். பதினான்கு வருஷத்தில் பதினான்கு முறை வேளாங்கண்ணி போய் வந்திருக்கிறாள். ஒரு கிலோமீட்டர்கூட நடந்ததில்லை. அடுப்பும் பாத்திரமும் போகிற வண்டியில்தான் அவளும் போவாள். நடக்கிறவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து உலை வைத்தாக வேண்டுமே.

அன்று அவள் நடக்க ஆசைப்பட்டு நடக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றியதால் நடந்தாள்.

ஆடி மாதம் முதல் வாரத்தில், குளிக்கும்போது, இடது மார்பில் அக்குள் பக்கமாக ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வேர்க்கடலை அளவுதான்; மல்லாட்டை என்பார்கள் அவர்கள் ஊரில். வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. லூர்துநாதனின் அக்கா கிளாராவுக்கும் வலியில்லாமல்தான் வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கிளாரா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சாவுக்குப் பிறகு லூர்துநாதன் ஒரு வருஷம் குடித்தார். வேலைக்குப் போகாமல், யாரிடமும் பேசாமல், குடித்துவிட்டுக் கல்லறையிலேயே போய் உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பிக் கூட்டி வருவதற்குள் அமல்ராணிக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதனால் கட்டியைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிற மகன் ஜெஸ்வினிடமும் சொல்லவில்லை. ஆதார் கார்டில் பெயர் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு விழுப்புரம் போனாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த கோவிந்தம்மாள் வேலை பார்க்கிறாள். அவள்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் கோவிந்தம்மாள் போன் செய்திருந்தாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல ரிப்போர்ட்டு வந்துடும்டி. நானே கேட்டுட்டுச் சொல்றேன். போன கையிலயே வெச்சிக்கோ."

அந்தப் போன் வரும்போது கரண்டியும் கையுமாக, இசைவாணியும் சீனுவாசனும் பார்த்துக்கொண்டிருக்க நிற்க முடியாது என்று இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தாள். தன் முகத்தை அவளுக்குத் தெரியும். அதில் எதுவும் ஒளியாது. ரோட்டில் தனியாக இருந்தால் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

மேம்பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரி சாலைக்கு வந்ததும்தான் போனைப் பார்த்தாள். பட்டன் போன். பேட்டரியில் ஒரே ஒரு கோடு. மண்டபத்தில் இருந்த பிளக்குகளை எல்லாம் இளவட்டங்களின் போன்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. ஒரு கோட்டை நம்பிப் பதினோரு மணி வரை போக முடியாது. அவள் போனை அணைத்தாள். அணைத்த உடனே, கோவிந்தம்மாள் இப்போதே கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி அணைத்தாள்.

நாலு வழிச் சாலையின் ஓரம் முதல் ஒரு மணி நேரம் சுலபமாகத்தான் இருந்தது. காற்று குளிர்ச்சியாக வந்தது. ஏரிக்கரையில் கொக்குகள் நின்றன. ஜெபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினாள். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று மாலையில் பத்து மணிகளை உருட்டுவதற்குள் மனசு அடுப்புப் பக்கம் ஓடிவிட்டது. எட்டுப் படி அரிசிக்கு இசைவாணி தண்ணீர் சரியாக வைப்பாளா? பருப்பு குழையும் முன் புளியை ஊற்றிவிடுவாளோ? எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பது மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் முறை ஆஸ்பத்திரி வராந்தா குறுக்கே வந்தது. நீல நாற்காலிகள், மூக்கில் குழாய் வைத்த ஒரு பெண், அவள் பக்கத்தில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த குழந்தை. மூன்றாம் முறை கிளாராவின் முகம். ஜெபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டாள். வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டே ஜெபம் சொல்ல வரவில்லை என்பது அவளுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. அதற்காகவே ரிப்போர்ட் கெட்டதாக வந்துவிடுமோ என்றும் ஒரு பயம் வந்தது. அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது என்று அவளே தலையை உதறிக்கொண்டாள்.

எட்டு மணிக்கு மேல் தார் சூடாகத் தொடங்கியது. நடந்து பழகாத கால். சாலையோர மண்ணில் நடந்தால் முள்ளும் பாட்டில் சில்லும் கிடந்தன. தாரில் நடந்தால் சுட்டது. வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் கொஞ்சம் சூடு குறைவு என்று கண்டுபிடித்தாள். ஆனால் கோட்டின் மேல் நடந்தால் லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரி போகும்போதும் சேலை முந்தானை பறந்தது. அவள் இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஊசி வைத்த இடம் ஆறிவிட்டிருந்தது. ஆனாலும் கை அங்கேயேதான் போனது.

ஒரு கார் கொஞ்ச தூரம் முன்னால் போய் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, வேளாங்கண்ணிக்கா? ஏன் தனியா வர்றீங்க? உங்க ஆளுங்க எல்லாம் ரொம்ப தூரம் போய்ட்டாங்களே. ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்."

"இல்லீங்க. வேண்டுதல்" என்றாள்.

"வேண்டுதல்னா சரிம்மா" என்று அவர் போய்விட்டார். பொய் சொன்னோமா, நிஜம் சொன்னோமா என்று அவளுக்கே தெரியவில்லை. எதையும் அவள் இன்னும் வேண்டிக்கொள்ளவில்லை. என்ன கேட்பது என்பதே பிடிபடவில்லை. கட்டி இல்லாமல் போக வேண்டும் என்றா? அது இருக்கிறதே. ரிப்போர்ட் நல்லதாக வர வேண்டும் என்றா? ரிப்போர்ட்டை இந்நேரம் எழுதி முடித்திருப்பார்கள்.

ஓமந்தூர் தாண்டி, புளியமரத்து நிழலில் வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தன் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, கேட்காமலேயே அமல்ராணியின் கால்களில் ஊற்றினாள். பிறகு சட்டென்று குனிந்து அந்தக் கால்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அமல்ராணி பதறிப்போனாள். "ஐயோ, இன்னா பண்றீங்க? நான் சமையல்காரிங்க. நான் நடக்குறவ இல்ல."

"நடந்துதான வர்றீங்க" என்றாள் அந்தப் பெண். "எங்க மாமியாரு மேல்மலையனூருக்கு அமாவாசைக்கு அமாவாசை போவாங்க. எனக்குக் கடைய விட்டுட்டு எங்கயும் போவ முடியல. எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயி நாலு வருஷமாச்சு. மாதா கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மறந்துடாதீங்க, அவ பேரு வெண்ணிலா."

"சொல்றேங்க."

"உங்களுக்கு இன்னா வேண்டுதல்?"

அமல்ராணி வாயைத் திறந்தாள். முன்பின் தெரியாத இவளிடம் சொல்லிவிடலாம் போல இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ஒரு பேருந்து வந்து நின்று, இரண்டு பேர் இறங்கி மல்லாட்டை கேட்டார்கள். அவள் எழுந்து நடந்தாள்.

அதற்குப் பிறகு நிழலே இல்லை. இருபுறமும் வீட்டு மனைக்குப் போட்ட கல்லும் வண்ணக் கொடியும்தான். பத்தரை மணி இருக்கும் என்று பட்டதிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் போட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. போட்டால் கோடு போய்விடும். பதினோரு மணிக்கு மேல் என்றுதானே சொன்னாள்? அந்தப் போனில்தான் மணி பார்க்க வேண்டும். வேறு கடிகாரம் இல்லை. வெயிலை வைத்துக் கணக்குப் பார்த்தாள். பதினொன்று ஆகியிருக்காது என்று நினைத்தாள். கொஞ்ச தூரம் போனதும், ஆகியிருக்கும் என்று தோன்றியது. எதிரே சைக்கிளில் வந்தவரை நிறுத்தி மணி கேட்டாள்.

"பதினொன்னே முக்கால்" என்றார்.

நடுச்சாலை என்றும் பார்க்காமல் அங்கேயே நின்று போனைப் போட்டாள். அது உயிர் பெற்று ஒலி எழுப்பியது. மெசேஜ் வந்தது. கோவிந்தம்மாளிடமிருந்து மூன்று மிஸ்டு கால்.

ஒன்று வந்திருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். நல்ல சேதியைச் சொல்ல யாராவது மூன்று முறை கூப்பிடுவார்களா? இல்லை, நல்ல சேதி என்பதால்தான் சந்தோஷத்தில் மறுபடி மறுபடி கூப்பிட்டாளோ? திரும்ப அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வேலையில் இருப்பாள். வார்டுக்குள் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். இன்னொரு முறை அழைத்தாள். இந்த முறை இரண்டு தரம் மணி அடித்ததும் அவள் போன் ஒரு சின்னக் குரல் கொடுத்துவிட்டுக் கறுத்துப்போனது.

அவள் போன் பட்டனை அழுத்திக்கொண்டே நடந்தாள். ஓட்டமாகக்கூட நடந்திருப்பாள். கால் சுடுவது தெரியவில்லை. அரை கிலோமீட்டரில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. வாசலில் டயர்களை அடுக்கி வைத்துக்கொண்டு மாரியப்பன் என்கிற ஒரு நடுவயதுக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தப் போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட முடியுங்களா? அவசரம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிப் பார்த்தார். "மெல்லிசு பின்னும்மா இது. இப்ப யாரு வெச்சிருக்காங்க." ஆனாலும் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். பழைய பின், நாலைந்து ஒயர், ஒரு உடைந்த டார்ச் எல்லாம் விழுந்தன. கடைசியில் ஒன்று கிடைத்தது. சொருகினார். போன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அமல்ராணி அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மெதுவாகி நின்றது.

"போச்சுடா" என்றார் மாரியப்பன். "இன்னிக்கு ஷட் டவுன். அஞ்சு மணிக்குத்தான் வரும். காலையில வந்ததே பெருசு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்து நீட்டினார். "இதுல பேசுங்கம்மா. யாருக்குப் பேசணும்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோவிந்தம்மாளின் நம்பர் அவளுக்குத் தெரியாது. அது அந்தக் கறுத்துப்போன போனுக்குள் இருந்தது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உலகத்தில் ஒரே ஒரு நம்பர்தான். லூர்துநாதனுடையது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவரிடம் என்ன சொல்வது? கோவிந்தம்மாள் நம்பர் கொடுங்கள் என்றால், எதற்கு என்பார். கோவிந்தம்மாள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர் அவர்தான். நம்பர் அவரிடம் இருக்கும். ஏதாவது ஒரு பொய் சொல்லலாம். ஒன்றரை மாதத்தில் எத்தனையோ சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். மறுமுனை பிஸியாக இருந்தது. இன்னொரு முறை. பிஸி. மூன்றாவது முறையும் பிஸிதான்.

அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதிகூட வந்தது. "கிடைக்கலீங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னாம்மா பேஜாரு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஆமாங்கண்ணே."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. மாரியப்பன் ஒரு பாட்டில் தண்ணீரை அவள் பைக்குள் வைத்து, "கிளியனூரு இன்னும் நாலு கிலோமீட்டருதான். உங்க ஆளுங்க பெரிய மரத்தாண்ட உக்காந்திருக்காங்கன்னு டாட்டா ஏஸ்காரன் சொன்னான். மெதுவா போங்க" என்றார்.

அங்கிருந்து அவள் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது. அடுத்த மின்கம்பம் வரை, அதற்கு அடுத்த கம்பம் வரை என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். வெயில் நேர் உச்சிக்கு வந்திருந்தது. சாலையில் தண்ணீர் தேங்கினதுபோல் கானல் மினுங்கியது. அதற்குள்ளிருந்து ஒருவர் வருவது தெரிந்தது. காவி வேட்டி. நடந்து போகிறவர்கள் எல்லாரும் தெற்கே போகிற சாலையில் அவர் மட்டும் வடக்கே வந்துகொண்டிருந்தார்.

லூர்துநாதன்தான் என்று நடையிலேயே தெரிந்தது. ஏணி ஏறி ஏறி வலது முட்டி தேய்ந்துபோன நடை. தோளில் கொடி இல்லை. பதினான்கு வருஷத்தில் அந்தக் கொடியை அவர் வேறு யாரிடமும் கொடுத்து அவள் பார்த்ததில்லை. கொடி பிடித்தவர் பின்னால் திரும்பி நடக்கக்கூடாது என்பதும் அவரே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வேனில்கூட வராமல், இந்த வெயிலில், வந்த வழியே நடந்து வருகிறார்.

அவள் நின்றுவிட்டாள். அவரே கிட்டத்தில் வந்தார். முகமெல்லாம் வேர்வை. கண் சிவந்திருந்தது.

"போனு இன்னா ஆச்சு?"

"சார்ஜ் இல்ல."

"கோவிந்தம்மா பேசிச்சு."

ஒரு லாரி சத்தமாகக் கடந்து போனது.

"இன்னா சொன்னா?" என்றாள்.

"உனக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்துட்டு எனக்குப் போட்டுச்சாம். எனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு பேசுது. ரிப்போர்ட்டு வந்துடுச்சு, நாளைக்குக் காலையில டாக்டரு வரச் சொன்னாரு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கினு வரச் சொன்னாருன்னுது. இன்னா ரிப்போர்ட்டுன்னு கேட்டேன். அப்பறம்தான் அதுக்கே தெரிஞ்சுது, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"அழுதுச்சு."

வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. அந்த வார்த்தைகள் போதும். அமல்ராணி சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். கல் நெருப்பாகச் சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"ஆடி மொத வாரத்துலருந்து."

"ஒண்ணரை மாசம்" என்றார் லூர்துநாதன். குரல் உயர்ந்தது. "ஒண்ணரை மாசமா ஒரே வீட்டுல பக்கத்துல இருக்கேன். ஆதாரு கார்டுன்னு சொல்லிட்டுப் போயிருக்க. நான் இன்னா, வெளி ஆளா?"

"உங்களாண்ட எப்பிடிச் சொல்றது? கிளாரா அக்கா போனப்பறம் நீங்க இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். மறுபடி அப்பிடி ஆயிட்டீங்கன்னா நான் யாரப் பாக்குறது? என்னப் பாத்துக்குறதா, உங்களப் பாத்துக்குறதா?"

"நான் குடிச்சேன். ஆமா, குடிச்சேன். எதுக்குக் குடிச்சேன்னு கேட்டியா?" அவர் கையால் முகத்தைத் துடைத்தார். "அக்கா யாராண்டயும் சொல்லல. எட்டு மாசம், அமலா. எட்டு மாசம் துணியப் போட்டு மூடிக்கினு இருந்துச்சு. நான் அந்த வீட்டுக்கு வாராவாரம் போவேன், சாப்புடுவேன், வந்துடுவேன். கேட்டா ஒண்ணுமில்ல தம்பின்னும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனப்போ டாக்டரு என்னத்தான் திட்டுனாரு. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருக்கும்னாரு. அதுக்குத்தான் குடிச்சேன். நோவு வந்ததுக்கு இல்ல. அது மறைச்சதுக்கு. நீயும் அதையே பண்ணிக்கினு இருக்க."

இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கிளாரா எப்போது கண்டுபிடித்தாள், எப்போது காட்டினாள் என்பதெல்லாம் அமல்ராணிக்குத் தெரியாது. அக்கா மேல் இருந்த பாசத்தில் உடைந்துபோனார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அழுகை வந்தது. அவரும் அழுதார். பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து இருவரையும் பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து லூர்துநாதன் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். "சீனுவாசனுக்குப் போன் போடட்டுமா? வண்டி வரும்."

"வேணாம். கிளியனூர் வரைக்கும் நடக்குறேன்."

"கால் வெந்துடுச்சு உனக்கு."

"வெந்தா வெந்துட்டுப் போவுது. நடக்குறேன்."

அவர் முன்னால் போகவில்லை. லாரி வரும் பக்கமாக அவர் வந்தார். மீதித் தூரத்துக்கு இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு முறை அவர், "வலிக்குதா?" என்றார். இல்லை என்றாள். இன்னொரு முறை, "ஜெஸ்வினுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். பயம் போய்விடவில்லை. காலையைவிட அதிகமாகவே இருந்தது. காலையில் அது என்னவென்று தெரியாத பயம். இப்போது நாளைக் காலை எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்பது தெரிந்த பயம்.

மரத்தடியில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கொடியை யாரோ மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. லூர்துநாதன் ஏற்கனவே யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். இசைவாணி ஓடி வந்து ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். சாம்பார் நீர்த்துப்போய், உப்பு ஒரு கை அதிகமாக இருந்தது. இசைவாணி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அமல்ராணி முழுவதும் சாப்பிட்டுவிட்டு, "நாளையிலருந்து நீதான். பருப்ப இன்னும் கொஞ்ச நேரம் வேக விடு" என்றாள்.

மூன்று மணிக்கு மற்றவர்கள் தெற்கே நடந்தார்கள். இவர்கள் இருவரும் திண்டிவனம் பேருந்தில் ஏறி, அங்கிருந்து விழுப்புரம் போய்க் கோவிந்தம்மாள் வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள் டாக்டர் சொன்னது அவர்கள் பயந்ததுதான். புற்றுநோய். ஆனால் ஆரம்பம், வேறு எங்கும் பரவவில்லை என்றார். லூர்துநாதன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "பரவலீங்களா? நிச்சயமா பரவலீங்களா?" டாக்டருக்கே சலித்துவிட்டது. வேளாங்கண்ணியில் திருவிழா நடந்த வாரத்தில் அமல்ராணிக்கு விழுப்புரத்தில் ஆபரேஷன் நடந்தது. பிறகு புதுச்சேரியில் ஊசி மருந்து, கதிர் சிகிச்சைக்குக் கரண்ட் வைப்பது என்று எட்டு மாதம். முடி எல்லாம் கொட்டியது. விடுதியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஜெஸ்வின் இரண்டு மாதம் லீவு போட்டு வந்து இருந்தான். லூர்துநாதன் அடியோடு குடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு முறை குடித்துவிட்டு வந்தார். இரண்டு முறையும் மறுநாள் காலை அவளோடு ஆஸ்பத்திரிக்குப் பேருந்து ஏறினார்.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. அமல்ராணிக்கு முடி வளர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு முந்தின இரவெல்லாம் தூக்கம் வராது. விடுதி வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் வந்தால் பழையபடி சமையல் வண்டியில் போகிறாள்.

ஒன்று மட்டும் புதிதாக நடக்கிறது. காய் அரிகிற நேரத்தில் ஊர்ப் பெண்கள் யாராவது அவள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். முதலில் வேறு எதையாவது பேசுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்பார்கள். அமல்ராணி சொல்வாள். இதுவரை நாலு பேரை விழுப்புரம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மூன்று பேருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. நாலாவது பெண்ணுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. அந்தப் பெண்ணின் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். புதுச்சேரிக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம் அமல்ராணி கூடப் போகிறாள். அவளால் விடுதியில் லீவு போட முடியாத வாரங்களில் லூர்துநாதன் பெயின்ட் வேலையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணோடும் அவள் மாமியாரோடும் போய், வராந்தாவில் உட்கார்ந்திருந்து கூட்டி வருகிறார்.